கத்திரி வெயிலில் ஓவர்கிளாக்

ஓவர்கிளாக் என்றால் கம்ப்யூட்டரின் பிராசசரை கம்பெனி வைத்த வேகத்தைவிடக் கூடுதல் வேகத்தில் ஓட்டுவது. யூடியூபில் அதைச் செய்து காட்டுகிறவர்கள் யாரும் எங்கள் பக்கம் இருக்கும் நகரியில் உட்கார்ந்துகொண்டு காட்டுவதில்லை. அவர்கள் அறையில் ஏசி ஓடுகிறது, 22 டிகிரி. பிராசசர் 75 டிகிரியில் சாதுவாக ஓடுகிறது, இன்னும் இடமிருக்கிறதே என்று வோல்டேஜை ஒரு படி ஏற்றுகிறார்கள். அதே செட்டிங்கை இங்கே, திருத்தணி தாண்டி ஆந்திர எல்லையை ஒட்டி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஓர் அறையில், அக்னி நட்சத்திர மதியத்தில் போட்டுப் பாருங்கள். பிராசசரின் சூட்டை வாங்கி வெளியே விடும் உலோகத் தகடுதான் ஹீட்சிங்க், எந்த ஹீட்சிங்க்காலும் பிராசசரை அறைக் காற்றைவிடக் குளிர வைக்க முடியாது. அறை 18 டிகிரி கூடினால் பிராசசரும் ஏறத்தாழ அதே 18 டிகிரி கூடித்தான் ஓடும். அவர்களுக்கு 75 என்றால் நமக்கு 93. வாட்டர் கூலர் போட்டாலும் இதே கணக்குதான், ரேடியேட்டருக்குள் போவதும் அதே 40 டிகிரி காற்று.

இதை எழுதக் காரணம், இந்த சீசனில் தெரிந்த பையன்கள் நிறையப் பேர் ஓவர்கிளாக் பற்றிக் கேட்டுவிட்டார்கள். எல்லாரும் என்னைப் போலக் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்கள். நமக்குத் தமிழ்க் கல்யாணம், தெலுங்குக் கல்யாணம் இரண்டும் உண்டு. இங்கே விடியற்காலை முகூர்த்தம், அங்கே பெரும்பாலும் நடுராத்திரி முகூர்த்தம், ஒரே வாரத்தில் இரண்டும் வந்தால் மூன்று கேமரா, ஒரு டிரோன், எல்லாம் 4கே. சித்திரை, வைகாசியில்தான் வேலை குவியும். அதாவது கம்ப்யூட்டர் ராத்திரி பகலாக ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக உருவாக்கும் வேலை) ஓட்ட வேண்டிய மாதங்களும் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் மாதங்களும் ஒன்றே. மார்கழியில் ஆர்டரும் இல்லை, வெயிலும் இல்லை. பாதுகாப்பாக ஓவர்கிளாக் செய்வது எப்படி என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதிலிருந்துதான் தொடங்குகிறது: உங்கள் செட்டிங் சித்திரை மதியத்தில் தாங்க வேண்டும், மற்ற நேரத்தில் அது தானாகத் தாங்கும்.

முதலில் உங்களுக்கு இது தேவையா என்று பாருங்கள். ரெண்டர் ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக் கவனியுங்கள். பிராசசர் 95, 100 சதவீதத்தில் நின்றால் பேச்சைத் தொடரலாம். பிராசசர் 40 சதவீதத்தில் சும்மா இருக்க கிராபிக்ஸ் கார்டு முட்டிக்கொண்டு நின்றாலோ, பழைய ஹார்ட் டிஸ்க் 100 சதவீதத்தில் கிடந்து இழுத்தாலோ, பிராசசரை என்ன ஏற்றினாலும் ஒரு நிமிடம்கூடக் குறையாது. ஃபுட்டேஜை எஸ்எஸ்டிக்கு மாற்றினாலே பாதிப் பேருடைய குறை தீர்ந்துவிடும். எக்ஸ்போர்ட்டை கிராபிக்ஸ் கார்டு வழியாகச் செய்கிறவர்களுக்கும் இதில் பலன் கம்மி.

இன்னொரு விஷயம், பழைய காலத்து ஓவர்கிளாக் கதைகளைக் கேட்டு ஏமாறாதீர்கள். 1998-இல் வந்த செலரான் 300ஏ என்ற இன்டெல் பிராசசரின் பஸ் வேகத்தை, அதாவது மதர்போர்டு கொடுக்கும் அடிப்படைத் துடிப்பை, 66 மெகாஹெர்ட்ஸிலிருந்து 100-க்கு மாற்றினால் 300 மெகாஹெர்ட்ஸ் பிராசசர் 450-இல் ஓடும். ஒரே மாற்றத்தில் 50 சதவீதம். அந்த யோகம் இப்போது கிடையாது. இன்றைய பிராசசர் தன் சூட்டையும் மின்சாரத்தையும் அளந்துகொண்டு தானே வேகத்தை ஏற்றி இறக்குகிறது, அதைத்தான் பூஸ்ட் என்கிறோம். என்னிடம் இருக்கும் ரைசன் 7 5700எக்ஸின் அடிப்படை வேகம் 3.4 கிகாஹெர்ட்ஸ், பூஸ்ட் 4.6. கம்பெனிக்காரனே முக்கால்வாசி பிழிந்து எடுத்துவிட்டுத்தான் நமக்கு விற்கிறான். திரவ ஹீலியம் ஊற்றி 9 கிகாஹெர்ட்ஸைத் தாண்டியவர்கள் இருக்கிறார்கள், உண்மைதான், ஆனால் அவர்களுக்கு அந்த வேகத்தில் சில நொடி ஓடி ஒரு ஸ்கிரீன்ஷாட் கிடைத்தால் போதும். நமக்கு இரண்டு மணி நேர வீடியோ வேண்டும்.

எந்த பிராசசரில் முடியும் என்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இன்டெல் என்றால் பெயரின் கடைசியில் கே (அல்லது கேஎஃப், கேஎஸ்) இருக்க வேண்டும், மதர்போர்டு இசட் வரிசையாக இருக்க வேண்டும், இசட்690, இசட்790 மாதிரி. பி660, பி760 போர்டில் ராம் வேகத்தைக் கூட்டலாம், பிராசசரின் வேகத்தைத் தீர்மானிக்கும் பெருக்கல் எண்ணான மல்டிபிளையரைத் தொட விடாது. நிறையப் பேர் கூடுதல் காசு கொடுத்து கே பிராசசர் வாங்கிவிட்டு பி போர்டில் மாட்டி வைத்திருக்கிறார்கள். ஏஎம்டியில் ரைசன்கள் பெரும்பாலும் திறந்தே வரும், 5800எக்ஸ்3டி போன்ற சில மட்டும் பூட்டி வந்தன. பி450, பி550, பி650, எக்ஸ்570 போர்டுகளில் செய்யலாம், ஏ320, ஏ520-இல் முடியாது.

சரி, சூடு எங்கிருந்து வருகிறது? பிராசசர் இழுக்கும் மின்சாரம் வேகம் கூடும் அளவுக்கு நேராகக் கூடும், ஆனால் வோல்டேஜ் கூடினால் அதன் வர்க்கத்துக்குக் கூடும். ஒரு கணக்குப் போடலாம். 4.4 கிகாஹெர்ட்ஸில் 1.2 வோல்ட்டில் ஓடும் ஒன்றை 4.6-க்கு ஏற்றுகிறீர்கள், அதற்கு 1.3 வோல்ட் கேட்கிறது. வேகம் கூடியது சுமார் 4.5 சதவீதம். மின்சாரம் கூடியது கிட்டத்தட்ட 23 சதவீதம், அவ்வளவும் சூடாகத்தான் வெளியே வரும். அடுத்த 200 மெகாஹெர்ட்ஸுக்கு இதைவிட மோசமாகக் கேட்கும். எங்கள் தெருவில் விசைத்தறி ஓட்டும் அண்ணன் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். "தறியையும் வேகம் ஏத்தலாம் தம்பி, நூல் ஒத்துக்கணுமே. அறுந்து அறுந்து முடிச்சுப் போட்டுக்கிட்டு இருந்தா அன்னிக்கு மீட்டர் கம்மியாத்தான் வரும்" என்றார். பிராசசரும் அப்படியேதான், எல்லையைத் தாண்டிச் சுட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், கடைசியில் ஏற்றாமல் விட்டதைவிட மெதுவாக முடியும்.

அதனால் நான் மல்டிபிளையரைப் பிடித்து ஏற்றுவதில்லை. இப்போதைய ரைசனுக்கு அது தேவையும் இல்லை. நான் செய்வது மூன்று வேலை: மின்சார வரம்பைக் கொஞ்சம் தளர்த்துவது, வோல்டேஜைக் குறைப்பது, சூட்டுக்கு ஒரு கூரை போடுவது. மூன்றும் பயாஸில் (மிஷின் ஆன் ஆகும்போது திறக்கும் மதர்போர்டு செட்டிங் பக்கம்) பிபிஓ என்ற மெனுவில் இருக்கின்றன. 5700எக்ஸ் ஃபேக்டரியிலிருந்து 76 வாட் வரம்போடு வருகிறது, எட்டு கோருக்கு (பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) அது இறுக்கம். மொத்த மின்சார வரம்பான பிபிடியை 105 வாட், தொடர்ந்து போகும் மின்னோட்டத்தின் வரம்பான டிடிசியை 60-லிருந்து 80 ஆம்பியர், நொடிநேர உச்ச மின்னோட்டத்தின் வரம்பான இடிசியை 90-லிருந்து 115 ஆம்பியர் என்று வைத்தேன். பலர் இங்கே 'மதர்போர்டு' என்ற ஆப்ஷனைத் தேர்ந்தெடுத்து வரம்பே இல்லாமல் விட்டுவிடுகிறார்கள். ஏசி அறையில் செய்யலாம், இங்கே வேண்டாம்.

வோல்டேஜைக் குறைக்க கர்வ் ஆப்டிமைசர். ஒவ்வொரு கோருக்கும் தனித்தனியாக ஓர் எண் கொடுக்கலாம், ஒரு எண்ணுக்கு 3 முதல் 5 மில்லிவோல்ட் வரை. மைனஸ் 10-இல் தொடங்கி மெதுவாக இறங்குங்கள், மைனஸ் 30 வரை போகலாம். எடுத்த எடுப்பில் எல்லா கோருக்கும் மைனஸ் 30 போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஃபேக்டரியில் நல்ல கோர் என்று குறித்தவை ஏற்கெனவே குறைந்த வோல்டேஜில்தான் ஓடுகின்றன, அவற்றுக்கு இன்னும் குறைத்தால் தாங்காது. என் பிராசசரில் நல்ல கோர் இரண்டும் மைனஸ் 8-ஓடு நிற்கின்றன, மற்றவை மைனஸ் 20-க்கு வருகின்றன. உங்களுடையது வேறாக இருக்கும், ஒரே பெட்டியிலிருந்து வந்த இரண்டு சில்லுகூட ஒன்றுபோல் இருக்காது. என் எண்களைக் காப்பி அடிக்காதீர்கள்.

வோல்டேஜ் குறைந்தால் சூடு குறைகிறது, சூடு குறைந்தால் பிராசசரே தன் பூஸ்ட்டை மேலே கொண்டுபோகிறது. வேகத்தை நாம் ஏற்றவே இல்லை, ஆனால் ஏறிவிடுகிறது. எனக்கு ஒரு மணி நேரம் ஓடிய ரெண்டர் இப்போது 52, 53 நிமிடத்தில் முடிகிறது. பெரிய விஷயமா என்றால் இல்லை. ராத்திரி முழுக்க வரிசையில் போட்டுவிட்டுப் படுக்கும்போது விடியலில் ஒரு வீடியோ கூடுதலாக முடிந்திருக்கும், அவ்வளவுதான்.

மூன்றாவது, அதே மெனுவில் இருக்கும் சூட்டு வரம்பை 85 டிகிரிக்கு இறக்கினேன். 5700எக்ஸ் 90 வரை தாங்கும் என்று ஏஎம்டி சொல்கிறது, ஆனால் 85-இல் நிறுத்தினால் மே மாத மதியத்தில் கொஞ்சம் வேகம் மட்டும் குறையும், மிஷின் தடுமாறாது. டிசம்பரில் இதே செட்டிங் 70-ஐக்கூடத் தொடுவதில்லை.

இன்டெல் கே பிராசசர் வைத்திருப்பவர்களுக்கும் இதே மனநிலைதான், மெனுவின் பெயர்கள்தான் வேறு. பவர் லிமிட்டுகளைக் கையால் போடுங்கள், ஏனென்றால் பல போர்டுகள் அவற்றைத் திறந்துவிட்டே வருகின்றன. வோல்டேஜை நிலையான ஒரே எண்ணாக வைக்காமல் ஆஃப்செட்டாக, அதாவது பிராசசர் கேட்பதிலிருந்து இவ்வளவு கழி என்று, குறையுங்கள். 13, 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 என்றால் எதையும் தொடுவதற்கு முன் பயாஸை அப்டேட் செய்யுங்கள். அந்தச் சில்லுகள் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு உள்ளுக்குள் கெட்டுப்போன விவகாரம் 2024-இல் வெளியே வந்தது, அந்த ஆகஸ்டில் 0எக்ஸ்129 என்ற மைக்ரோகோட் (பயாஸ் அப்டேட்டோடு வரும் பிராசசரின் உள் நிரல்) கொடுத்தார்கள், வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டினார்கள். ஓவர்கிளாக் எதுவுமே செய்யாதவர்களுடையதும் கெட்டது என்பதை மறக்க வேண்டாம். ஏஎம்டி பக்கமும் சுத்தம் இல்லை. 2023-இல் ரைசன் 7000எக்ஸ்3டி சில எரிந்துபோய், சில்லில் கோர் அல்லாத பகுதிக்குப் போகும் எஸ்ஓசி வோல்டேஜை 1.3-க்கு மேல் போகாமல் பயாஸிலேயே பூட்டினார்கள்.

வோல்டேஜ் பற்றிப் பேசும்போது எல்லாரும் கேட்கும் ஒரு கேள்வி. சூடு, வோல்டேஜ் எல்லாம் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ சாஃப்ட்வேரில் பார்த்தால் சும்மா இருக்கும்போது 1.45 வோல்ட் காட்டுகிறதே, அப்படியென்றால் நானும் 1.4 போடலாம்தானே? போடக்கூடாது. ஒரே ஒரு கோர் துள்ளி எழும்போது மின்னோட்டம் குறைவு, அந்த வோல்டேஜ் ஒன்றும் செய்யாது. எட்டு கோரும் முழு சுமையில் மணிக்கணக்காக ஓடும்போது 1.4 கொடுத்தால் சில்லின் உள்ளே இருக்கும் மெல்லிய இணைப்புகள் மெல்ல மெல்ல அரிக்கும், சூடு சேர்ந்தால் இன்னும் வேகமாக அரிக்கும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஒரு வருடம் கழித்து, முன்பு ஓடிய வேகத்தில் ஓட மறுக்கும்.

டெஸ்ட்டுக்கு வருவோம், எல்லாரும் அவசரப்படும் இடம் இது. சினிபெஞ்ச் என்ற டெஸ்ட் பத்து நிமிடம் ஓடியதும் ஸ்டேபிள், இனி தடுமாறாது என்று எழுதிவிடுகிறார்கள். கர்வ் ஆப்டிமைசரில் மிஷின் படுப்பது முழு சுமையில் அல்ல, சும்மா இருக்கும்போது. ரெண்டர் எல்லாம் நன்றாக ஓடிவிட்டு, பாட்டுக் கேட்டுக்கொண்டே பிரவுசரைத் திறக்கும்போது பட்டென்று ரீஸ்டார்ட் ஆகும். ஒரு கோர் மட்டும் உச்ச வேகத்துக்கு எகிறும் அந்த நொடியில்தான் வோல்டேஜ் போதாமல் போகிறது. அதனால் கோர்சைக்கிளர் போட்டு ஒவ்வொரு கோராகத் தனியே சோதிக்க வேண்டும், இரவு முழுக்க ஓடட்டும். அதோடு முழு சுமை டெஸ்ட்டான ஓசிசிடி அல்லது பிரைம்95 ஒரு மணி நேரம். ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் கடைசியில் வீயா எர்ரர்ஸ் (விண்டோஸ் குறித்து வைக்கும் ஹார்டுவேர் தவறுகள்) என்று ஒரு வரி இருக்கும், அதில் பூஜ்யத்தைத் தவிர எது வந்தாலும், மிஷின் நன்றாக ஓடுகிற மாதிரி தெரிந்தாலும், இரண்டு படி பின்னே வாருங்கள்.

இதையெல்லாம் எப்போது ஓட்டுவது? மே மாதம், மதியம், ஏசியை அணைத்துவிட்டு. கொடுமையாகத்தான் இருக்கும். ஆனால் சூடு ஏற ஏற அதே வேகத்துக்கு சில்லு இன்னும் கொஞ்சம் வோல்டேஜ் கேட்கும், கசிவு மின்சாரமும் கூடும், அதனால் ஜனவரியில் பாஸ் ஆனது மே மாதத்தில் ஃபெயில் ஆவது சகஜம். புதிதாக மிஷின் வாங்கி ஐப்பசி மழையில் டியூன் செய்தவர்கள் பங்குனியில் ஒருமுறை மறுபடி ஓட்டிப் பார்த்துவிடுங்கள், சீசன் தொடங்குவதற்கு முன்.

பிராசசர் எரிந்துவிடுமோ என்றுதான் எல்லாரும் பயப்படுகிறார்கள். எனக்கு அந்தப் பயம் குறைவு. சூடு மீறினால் அது தானே வேகத்தைக் குறைக்கும், அதற்கும் மேலே போனால் மிஷினையே அணைத்துவிடும், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதற்குத் தெரியும். உங்கள் ஃபைலைக் காப்பாற்ற அதற்குத் தெரியாது. அரைகுறை ஸ்டேபிளில் ஓடும் மிஷின், முக்கியமாக ராம் சரியில்லாதது, எந்த எர்ரரும் காட்டாமல் காப்பி செய்யும் ஃபைலில் ஒன்றிரண்டு பிட்டைப் புரட்டிவிட்டுப் போய்விடும். ப்ராஜெக்ட் ஃபைல் திறக்காது, கிளிப்பில் நடுவே பச்சைப் பட்டை வரும். மாங்கல்ய தாரணத்தை இன்னொரு தடவை செய்யுங்கள் என்று மாப்பிள்ளையிடம் போய்க் கேட்க முடியுமா? ராமில் எக்ஸ்எம்பி போடுவதும், அதாவது பெட்டியில் போட்டிருக்கும் வேகத்துக்கு ராமை ஏற்றும் பயாஸ் செட்டிங்கும், ஓவர்கிளாக்தான் என்பது பலருக்குத் தெரிவதில்லை. 3200, 3600 என்று பெட்டியில் போட்டிருக்கும் டிடிஆர்4 ராம், எக்ஸ்எம்பி போடாவிட்டால் பெரும்பாலும் 2133 அல்லது 2400-இல்தான் ஓடும், அதனால் போட வேண்டியதுதான். ஆனால் போட்டதும் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ நாலு சுற்று முழுதாக ஓடவிடுங்கள். ஒரே ஒரு எர்ரர் வந்தாலும் அது எர்ரர்தான், வேகத்தைக் குறையுங்கள். டியூன் செய்துகொண்டிருக்கும் நாட்களில் வாடிக்கையாளருடைய ஃபுட்டேஜை அந்த மிஷினில் தொடவே வேண்டாம், லேப்டாப்பில் காப்பி எடுங்கள். மெமரி கார்டை, இரண்டு இடத்தில் காப்பி எடுத்து இரண்டையும் சரிபார்த்த பிறகே ஃபார்மட் செய்ய வேண்டும். ஓவர்கிளாக் செய்யாதவர்களுக்கும் இது பொருந்தும்.

அப்புறம் கரண்ட். எங்கள் பகுதியில், நகரி, ஏகாம்பரகுப்பம் பக்கமும் சரி, தமிழ்நாட்டுப் பக்கமும் சரி, தறிகள் சேர்ந்து ஓடும்போது வோல்டேஜ் ஏறி இறங்கும். கேபினட்டுக்குள் இருக்கும் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ், நல்லதாக இருந்தால் 100-லிருந்து 240 வோல்ட் வரை தாங்கும், மலிவானவற்றில் சில 200-க்குக் கீழே போனால் திணறும், பின்னால் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். யுபிஎஸ்ஸின் கணக்கையும் போட வேண்டும். கடையில் எல்லாருக்கும் கட்டிக் கொடுக்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தரும். பிராசசருக்கு 105 வாட், ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டுக்கு 170 வாட், போர்டு, டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்து ஒரு 50, மானிட்டருக்கு 30. கூட்டினால் 355 ஆகிவிட்டது, எஸ்எம்பிஎஸ்ஸில் வீணாவதை இன்னும் சேர்க்கவே இல்லை. கரண்ட் போகிற நொடியில் யுபிஎஸ் கத்திவிட்டுப் படுத்துவிடும். ஓவர்கிளாக் செட்டிங் சரியில்லை என்று இரண்டு வாரம் பயாஸில் தலையை விட்டுக்கொண்டிருப்பார்கள், குற்றவாளி மேஜைக்குக் கீழே இருக்கும். கேபினட்டைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கிறதா, அப்படியென்றால் எர்த்திங் இல்லை, ஓவர்கிளாக்கை மறந்துவிட்டு முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

தறி ஓடும் தெருவில் இன்னொரு தொந்தரவு, பஞ்சு. கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் பறந்து ஹீட்சிங்க்கின் தகடுகளுக்கு நடுவே போர்வை மாதிரி படியும். மாதத்துக்கு ஒருமுறை ப்ளோயர் அடித்தே ஆக வேண்டும், அடிக்கும்போது ஃபேனைச் சுற்றவிடாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். அறையில் தண்ணீர் ஊற்றும் ஏர் கூலர் இருந்தால் அதன் காற்று கேபினட் பக்கம் நேரே வரக்கூடாது, குளிர்ச்சியோடு ஈரமும் சேர்ந்து வரும், அந்த ஈரத்தில் பஞ்சு அடையாகிவிடும். கூலர் விஷயத்தில் என் அபிப்பிராயம், பிராசசரோடு இலவசமாக வரும் சின்னக் கூலரை வைத்துக்கொண்டு இந்த ஊரில் ஓவர்கிளாக் பேசவே கூடாது. நான்கு ஹீட்பைப் உள்ள டவர் கூலர், கேபினட்டின் முன்னால் இரண்டு ஃபேன், பின்னால் ஒன்று, இது போதும். கண்ணாடி முகம் போட்டு ஏழு வண்ணத்தில் மின்னும் கேபினட் அழகுதான், முன்பக்கம் காற்று போக வழி இல்லாவிட்டால் அதில் என்ன கூலர் மாட்டினாலும் எடுபடாது.

வாரண்டி பற்றித் தெளிவாக இருங்கள். ஓவர்கிளாக்கால் வரும் பழுது வாரண்டியில் வராது என்று இன்டெல், ஏஎம்டி இரண்டு பேருமே எழுதி வைத்திருக்கிறார்கள். பிபிஓ ஏஎம்டி தானே கொடுத்த வசதி என்றாலும் அதுவும் இதில்தான் சேரும். அதனால் வாரண்டி காலம் முடியும் வரை கை வைக்க மாட்டேன் என்று யாராவது சொன்னால் அதுவும் நியாயம்தான். அவர்கள் மின்சார வரம்பைக் குறைக்கும் எக்கோ மோட் போட்டுப் பார்க்கலாம், வேகம் கொஞ்சம் போகும், சூடு நிறையக் குறையும், சித்திரைக்கு அதுவும் ஒரு நல்ல செட்டிங்.

இவ்வளவும் செய்தும் மிஷின் பூட் ஆகாமல் கறுப்பு ஸ்கிரீனில் நின்றால் பயப்பட வேண்டாம். பவர் ஒயரைப் பிடுங்கிவிட்டு போர்டில் கிளியர் சிமாஸ் ஜம்ப்பரை ஷார்ட் செய்யுங்கள், அல்லது அந்த வட்ட பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் கழித்து மாட்டுங்கள், எல்லாம் பழையபடி ஆகிவிடும். பயாஸ் அப்டேட்டை மட்டும் கரண்ட் போய்ப் போய் வரும் நேரத்தில் செய்யாதீர்கள், யுபிஎஸ் பேட்டரி நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். அப்டேட் முடிந்ததும் பிபிஓ, கர்வ், எக்ஸ்எம்பி எல்லாம் அழிந்து ஃபேக்டரி நிலைக்குப் போயிருக்கும், அதனால் அதற்கு முன்பே ஒவ்வொரு பக்கத்தையும் போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பயாஸிலேயே எஃப்12 அழுத்தினால் பென்டிரைவில் ஸ்கிரீன்ஷாட் விழும் போர்டுகளும் உண்டு, ஆனால் பென்டிரைவ் எஃப்ஏடி32-ஆக ஃபார்மட் ஆகியிருக்க வேண்டும்.